கனமான குண்டும் களைத்த தோளும்

கேள்வி: எஃப்-டிஆர் பிரிவில் (ரைஃபிளைத் தாங்கியில் ஊன்றி, படுத்தபடி தொலைதூர இலக்கைச் சுடும் போட்டிப் பிரிவு) .308 வின்செஸ்டர் ரைஃபிளால் 1,000 கெஜத்தில் சுடுகிறேன். தொலைநோக்கி, பைபாட் (இருகால் தாங்கி) உட்பட அதன் எடை 7 கிலோ. காற்றில் குறைவாக விலகட்டும் என்று 155 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) குண்டிலிருந்து 200 கிரெயினுக்கு மாறினேன். முதல் 20 குண்டுகள் ஒழுங்காக விழுகின்றன. அதே நாளின் மூன்றாவது சுற்றில் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. பழைய குண்டுக்கே திரும்பலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதல் சுற்று ஒழுங்காக இருப்பதால், தோட்டாவைவிடத் தோளின் மீதே எனக்குச் சந்தேகம். கனமான குண்டு காற்றில் குறைவாக விலகுவதால் கிடைக்கும் ஆதாயம் இடவலத்தில் மட்டும்தான். களைத்த உடலோ எல்லாத் திசையிலும் புள்ளிகளை இழக்கும்.

இப்பிரிவில் 8.25 கிலோ வரை அனுமதி உண்டு, நீங்கள் 1.25 கிலோவைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். 155 கிரெயின் குண்டு நொடிக்கு 900 மீட்டரிலும் 200 கிரெயின் 810 மீட்டரிலும் புறப்படுவதாகக் கொண்டு, வெடிமருந்தின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால், 7 கிலோ ரைஃபிளின் பின்னுதைப்பு சுமார் 11.5 ஜூலிலிருந்து 13.7 ஜூலாக உயர்கிறது. அதே 200 கிரெயினை 8.25 கிலோ ரைஃபிளில் சுட்டால் ஏறத்தாழ 11.7 ஜூல்தான், அதாவது உங்கள் தோள் ஏற்கெனவே பழகிய உதைதான். குழல் வாயில் பொருத்தி உதையைக் குறைக்கும் மஸில் பிரேக்குக்கு இங்கே அனுமதியில்லை என்பதால் எடையே உங்களுக்குள்ள நேர்மையான வழி. சமநிலை குலையாதபடி முன்கட்டையிலும் பின்கட்டையிலும் ஈயத்தைப் பிரித்துச் சேருங்கள்.

உதையை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே துணுக்குறும் பழக்கம் வந்துவிட்டதா என்பதையும் சோதியுங்கள். பயிற்சியின்போது, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் இடையிடையே நண்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். விசை விழுந்த கணத்தில் குறுக்குக்கோடு கீழே குதித்தாலோ, கண் மூடினாலோ, கன்னம் கட்டையை விட்டு எழுந்தாலோ, குண்டை மாற்றுவதால் மட்டும் அது தீராது. பாதித் துணுக்கம் சத்தத்தால் வருவது என்பது என் அனுபவம். ஆகவே காதடைப்பானின் மேல் காதுக்கவசமும் அணியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிதறல் நீடித்தால் 185 கிரெயினை முயலுங்கள். பழைய மருந்தளவை அப்படியே வைக்காமல், தயாரிப்பாளர் அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து புதிதாக ஏற்றி வாருங்கள். ஒப்பிடும்போது மூன்று சுற்றுகளையும் ஒரே நாளில் சுட்டு, மூன்றாவது சுற்றின் மேல்கீழ் அகலத்தை மட்டும் அளந்து குறியுங்கள்.