மனச்சோர்வு மாத்திரை மட்டும் போதுமா?

சகோதரி, ராணுவத்தில் காஷ்மீரில் பணியாற்றி ஓய்வுபெற்ற உங்கள் கணவர் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டும் இரவில் அலறி எழுகிறார், பட்டாசு வெடித்தால் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை மனச்சோர்விலும் வரும். ஆனால் அந்தக் கனவும் திடுக்கிடலும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். அது உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கிறது. பட்டாளத்துக்காரர்கள் பலர் டாக்டரிடம் "தூக்கம் வரல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த முறை நீங்களும் கூடப் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் இந்த இரண்டு நோய்க்கும் தருபவைதான். அதிர்ச்சி நினைவுகளுக்கான பேச்சு சிகிச்சை பற்றியும் கேளுங்கள். இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கிலேயே மனநல மருத்துவருக்குக் கடிதம் வாங்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்காதீர்கள், உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.