பதில்: வரவேற்பில் மிஞ்சும் சாப்பாட்டை ராத்திரி யாரிடம் கொடுப்பது?

தங்கை வரவேற்பில் நூறு பேர் சாப்பாடு மிஞ்சும், கொடுத்து ஏதாவது ஆனால் நம் தலையில் விழுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கோவைதானே? 2014-இல் அங்கேயே தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பினர் மண்டபத்துக்கே வந்து எடுத்துப்போவார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தேடாதீர்கள். முதல் நாளே சொல்லிவைத்து, கடைசிப் பந்தி உட்காரும்போது அளவைச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் சமையல் மாஸ்டர். பந்திக்கே போகாத அண்டாவை மூடி, ஆவி பறக்கச் சூடாக வைக்கச் சொல்லுங்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருக ஆரம்பிக்கும். பரிமாறித் திரும்பிய வாளியை அதில் கொட்டவே விடாதீர்கள் (கண் அசந்தால் கொட்டிவிடுவார்கள்). தேங்காய்ச் சட்னி, தயிர்ப்பச்சடி வேண்டவே வேண்டாம். வெள்ளைச் சாதம் தாங்கும் என்று நினைப்போம்; வெளியே ஆறிக் கிடந்தால் அதுவும் வயிற்றைக் கெடுக்கும், திரும்பச் சூடாக்கினாலும் சரியாகாது.

மிஞ்சிய சாப்பாட்டைக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. என்ன பதார்த்தம், எத்தனை மணிக்குச் சமைத்தது என்று சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

மண்டபத்துப் பாத்திரத்தை வெளியே விடமாட்டார்கள். மூடியுள்ள பெரிய பாத்திரங்களுக்கு இப்போதே வாடகைக்குச் சொல்லிவிடுங்கள்.