கேட்டீர்கள், சொல்கிறோம்: அமெரிக்கா ஏன் இரண்டாய் உடைந்தது?

சென்ற இதழில் அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–1865) பற்றிய குறிப்பில் "அடிமைமுறையே காரணம்" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தோம். திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அந்த வரியோடு எங்களை விடுவதாயில்லை. வந்த கேள்விகளில் சில இங்கே.

பஞ்சு பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகு வேலை குறைந்திருக்க வேண்டுமே? அடிமைகளின் தொகை கூடியது எப்படி?
— உயர்தர மாணவி, மூதூர்

இயந்திரம் குறைத்தது ஒரு வேலையை மட்டும். தலையணைக்கு அடைக்கிற இலவம் பஞ்சைத் தடியால் தட்டினாலே கொட்டை கழன்று விழுந்துவிடும். அமெரிக்கத் தெற்கின் உட்பகுதியில் விளைந்த குறுநார்ப் பருத்தி அப்படியல்ல. பச்சைக் கொட்டையை நார் கவ்விப் பிடித்திருக்கும். கையால் பிய்த்தால் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு இறாத்தல் தேறுவதே பாடு. 1793 இல் எலி விட்னி செய்த இயந்திரத்தில் 50 இறாத்தல் வரை எடுக்கலாம் என்றாயிற்று. ஆனால் விதைப்பு, களையெடுப்பு, பறிப்பு எல்லாம் பழையபடி கைவேலைதான். பிரிப்பதில் இருந்த தடை நீங்கியதும் எவ்வளவு பயிரிட்டாலும் விற்கலாம், அதற்கு எவ்வளவு ஆள் இருந்தாலும் போதாது என்ற நிலை வந்தது.

1790 இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1860 இல் 39.5 இலட்சம். 1808 இலிருந்து வெளியிலிருந்து கொண்டுவருவது தடை. ஆகவே பெரும்பாலும் இது அங்கேயே பிறந்த பிள்ளைகளின் கணக்கு. வேர்ஜினியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் விற்கப்பட்டோ எசமானோடு நகர்த்தப்பட்டோ மிசிசிப்பி, அலபாமா பக்கம் போனார்கள். ஒரே வயலில் வருடா வருடம் பருத்தி போட்டால் மண் களைத்துவிடும். தோட்ட முதலாளி மேற்கே புதுக் காணி தேடுவான். சண்டையின் வேர் அங்கேதான்.

காணி தேடிப் போனால் போகட்டுமே. அதற்கு நாடாளுமன்றம் ஏன் அடிபட வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

ஐயா, இது ஆசனக் கணக்கு. 1787 இல் எழுதிய அரசியலமைப்பில், பிரதிநிதிகள் சபை ஆசனங்களைச் சனத்தொகைப்படி பங்கிட, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணும் விதி இருந்தது. 50,000 அடிமைகள் உள்ள மாநிலத்துக்குத் தலைக்கணக்கில் 30,000 கூடும். அக்கால உச்ச வீதப்படி அது ஓர் ஆசனம். வாக்குரிமையே இல்லாதவர்களை எண்ணி, அவர்களை விலைக்கு வாங்கியவர்களுக்கு ஆசனம் கொடுத்த விதி இது. அப்படியிருந்தும் வடக்கின் சனத்தொகை வேகமாகப் பெருகியது. தெற்குக்கு மிஞ்சிய பிடி மற்றச் சபையான செனட். அங்கே பெரிய மாநிலம், சிறிய மாநிலம் எல்லாவற்றுக்கும் இரண்டு பேர்தான்.

1819 இல் அடிமை மாநிலங்களும் அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலங்களும் 11க்கு 11 என்று தராசு நேராக நின்றது. மிசூரி அடிமை மாநிலமாக உள்ளே வரக் கேட்டதும் ஆட்டம் கண்டது. 1820 இல் மெயினைச் சுதந்திர மாநிலமாகச் சேர்த்துச் சமன் செய்தார்கள். பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலத்தின் மிகுதியில் 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று கோடும் கிழித்தார்கள். முப்பது வருடம் ஓடியது. மெக்சிக்கோவிடமிருந்து 1848 இல் பெருநிலம் கிடைத்ததும் திரும்பவும் அதே கேள்வி. 1850 இல் கலிபோர்னியா சுதந்திர மாநிலம். அதற்கு ஈடாகத் தெற்கு வாங்கியது, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கடுஞ்சட்டம். பிடிபட்டவர் தன் பக்கம் சாட்சி சொல்ல முடியாது, யூரியும் இல்லை. விசாரிக்கும் ஆணையாளர் "இவர் அடிமைதான்" என்றால் அவருக்குக் கட்டணம் 10 டொலர், விடுவித்தால் 5 டொலர். தப்ப உதவியவருக்கு 1,000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும். அடிமைமுறை எங்கோ தூரத்துச் சங்கதி என்றிருந்த வடக்கத்தியர் வாசலுக்கே அது வந்து நின்றது.

1854 இல் செனட் உறுப்பினர் ஸ்டீவன் டக்ளஸ் கொண்டுவந்த கென்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தால் 1820 இல் கிழித்த அந்தக் கோடும் அழிந்தது. அந்த இரண்டு பிரதேசங்களிலும் குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். 1855 மார்ச்சில் கென்சாசில் வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகள் 6,307! கள்ள வாக்குப் போட மிசூரியிலிருந்து கூட்டமாக எல்லை தாண்டி வந்திருந்தார்கள். பிறகு இரண்டு அரசாங்கம், கொலை, தீவைப்பு. 1857 இல், ட்ரெட் ஸ்கொட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம், இன்னும் மாநிலமாகாத எந்தப் பிரதேசத்திலும் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்கு, அதிகாரமே இல்லை என்றது. பேரம் பேச இனி எதுவும் மிச்சமில்லை. 1860 இல் செனட் கணக்கு 18க்கு 15.

அது சுங்கவரிச் சண்டை, மாநில உரிமைச் சண்டை என்று காணொளிகளில் சொல்கிறார்களே?
— கடைக்காரர், தம்பலகாமம்

திகதியைப் பாருங்கள். தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது நடைமுறையில் இருந்தது 1857 இன் குறைந்த வரி. கூட்டிய வரிச்சட்டம் 1861 மார்ச்சில்தான் நிறைவேறியது. ஏழு மாநிலங்கள் அதற்கு முன்பே போய்விட்டன. மாநில உரிமை என்றால், தப்பிவந்தவர்களைப் பிடித்துக் கொடுக்க மறுத்த வட மாநிலங்களைத் தென் கரோலினா தன் பிரிவுப் பிரகடனத்திலேயே குற்றம் சாட்டுகிறது. அங்கே உரிமை கேட்டது வடக்கு! மிசிசிப்பியின் பிரகடனம் தன் நிலைப்பாட்டை அடிமைமுறையோடு முழுதாக ஒன்றாக்கியே பேசுகிறது. தெற்கின் புதிய அரசியலமைப்பும் அடிமைச் சொத்துரிமையை மறுக்கும் சட்டம் இயற்றுவதைத் தடை செய்தது. அவர்களே எழுதிக் கையெழுத்திட்டதை நாம் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

இருக்கிற இடத்தில் அடிமைமுறையைத் தொடமாட்டேன் என்றுதானே லிங்கன் சொன்னார்? பிறகு ஏன் பிரிந்தார்கள்?
— வாசகர், நிலாவெளி

பரவ விடமாட்டேன் என்றும் சொன்னார். தெற்குக்கு அது போதும். அதைவிட 1860 சனாதிபதித் தேர்தலில் அவர் வென்ற விதம் தெற்கத்தியரைப் பயமுறுத்தியது. அக்காலத்தில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடுவதில்லை. கட்சிகள் அச்சிட்டுக் கொடுக்கும். தெற்கில் ஒன்பது மாநிலங்களில் லிங்கனுக்குச் சீட்டே இல்லை. தென் கரோலினாவில் மக்கள் வாக்கெடுப்பே இல்லை, சட்டசபைதான் தெரிவு செய்தது. அப்படியும் நாடளவில் நாற்பது வீதத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்கோடு, சனாதிபதியைத் தெரிவு செய்யும் தேர்வாளர்களின் 303 வாக்குகளில் 180 பெற்று வென்றார். தெற்கு ஒன்றுகூடி எதிர்த்தாலும் இனித் தடுக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. 1860 டிசம்பர் 20 இல் தென் கரோலினா முதலில் பிரிந்தது.

போரின் முதல் வெடி சுட்டது துறைமுகத்தில். சார்ள்ஸ்ரன் துறைமுக வாயிலில் நிற்கும் சம்ரர் கோட்டையில் ஏறத்தாழ 85 படையினர், உணவு தீர்கிற நிலை. உணவு மட்டும் அனுப்புகிறேன் என்று லிங்கன் முன்கூட்டியே ஆளுநருக்கு அறிவித்தார். அது வந்து சேருமுன் 1861 ஏப்ரல் 12 அதிகாலை 4.30க்குக் கரையிலிருந்து பீரங்கி முழங்கியது. லிங்கன் 75,000 தொண்டர் படையினரைக் கேட்டதும் மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன.

இலங்கையிலும் அடிமைகள் இருந்தார்களே. இங்கே ஏன் போர் வரவில்லை?
— வாசகி, சாம்பல்தீவு

இருந்தார்கள், நம் திருகோணமலையிலும் இருந்தார்கள். பிரித்தானியாவின் 1833 ஒழிப்புச் சட்டம் இலங்கையை விதிவிலக்காக விட்டது; இங்கே முழுதாக ஒழித்தது 1844 இன் கட்டளைச் சட்டம். எசமான்களுக்கு வாக்கும் இல்லை, செனட்டும் இல்லை, தனி மாநிலமும் இல்லை. ஆளுநர் கையெழுத்திட்டால் முடிந்தது. சட்டத்தில்தான் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1863 இல் லிங்கன் எல்லோரையும் விடுவித்துவிட்டாரா?
— மாணவன், கிண்ணியா

இல்லை. 1863 ஜனவரி 1 பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டும். ஒன்றியத்தோடு நின்ற அடிமை மாநிலங்களான டெலவெயர், மேரிலாந்து, கென்ரக்கி, மிசூரி நான்கையும் அது தொடவில்லை. மேரிலாந்தும் மிசூரியும் போர் முடியுமுன் தாமாகவே ஒழித்தன. கென்ரக்கியிலும் டெலவெயரிலும் மிஞ்சியிருந்தவர்கள், 13 ஆவது திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறும்வரை, போர் முடிந்து எட்டு மாதம், அடிமைகளாகவே இருந்தார்கள்.