தழும்பும் தகுதியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, மருத்துவ உளவியல் எம்.ஃபில். படிப்பில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் என்னை நானே காயப்படுத்திக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. சிகிச்சை எடுத்து மீண்டு சில ஆண்டுகள் ஆகிவிட்டன; முன்கையில் தழும்புகள் மட்டும் இருக்கின்றன. வெளியே கிளம்பும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயல்பவர்களுக்கென டி.பி.டி. என்ற உளச்சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹனைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. அவரும் ஒரு காலத்தில் நோயாளியாக இருந்தவர் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு என் கதையை நெருங்கிய இருவரிடம் சொன்னேன். ஒருவர், "தன்னையே இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளாதவர் பிறருக்கு எப்படி உதவ முடியும்? படிப்பை ஓராண்டு தள்ளிப்போடு" என்றார். மற்றவர், "நீ பட்ட துன்பம்தான் உன் தகுதி, அதைச் சொல்லியே நீ பேர் வாங்கலாம்" என்றார். இரண்டுமே என்னைக் குழப்புகின்றன. நான் காத்திருக்க வேண்டுமா? என்னிடம் வருபவர்களிடம் என் கடந்த காலத்தைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

பெயரை வெளியிட வேண்டாம்.
ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர்கள் இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தோன்றினாலும், ஒரே இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். ஒருவர் உங்கள் தழும்பைத் தகுதியின்மை என்கிறார், மற்றவர் அதையே தகுதி என்கிறார். சிகிச்சையாளரின் தகுதியைக் காயத்தில் தேடுவதில் இருவருக்கும் வேறுபாடில்லை. லினஹனின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இரண்டுமே பொருந்தாது என்பது தெரியும். வகுப்பில் அவருடைய கதையின் சிலிர்ப்பூட்டும் பகுதி மட்டுமே சொல்லப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வந்த, சிலிர்ப்பு இல்லாத நீண்ட ஆண்டுகள்.

1943இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்ஸா நகரில் பிறந்த லினஹன், 1961இல், தம் 17ஆம் வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் என்ற மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் என்று முடிவுகட்டினார்கள்; மருந்துகள், மின்னதிர்வுச் சிகிச்சை, உளப்பகுப்பாய்வு என அன்றைக்குக் கையில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள்; தனியறையில் அடைத்து வைத்தார்கள். எதுவும் பலன் தரவில்லை. 26 மாதங்களுக்குப் பிறகு 1963இல் அவர் வெளியே வந்தபோது எழுதப்பட்ட குறிப்பு, அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் மருத்துவமனையிலேயே மிகவும் நிலைகுலைந்திருந்த நோயாளிகளில் ஒருவர் என்று அவரைக் குறிப்பிடுகிறது. இந்த நரகத்திலிருந்து நான் வெளியேறுவேன், வெளியேறியதும் திரும்பி வந்து மற்றவர்களையும் வெளியே கொண்டுவருவேன் என்று அங்கிருந்தபோது அவர் கடவுளிடம் செய்துகொண்ட சபதம் இன்று பரவலாக அறியப்பட்டது.

உங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கக்கூடிய அடுத்த காட்சி 1967இல் நடந்தது. சிகாகோவில், செனக்கிள் என்ற கத்தோலிக்கத் தியான இல்லத்தின் சிற்றாலயத்தில் மண்டியிட்டு அவர் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடம் முழுவதும் பொன்னொளியாக மாறியதாக உணர்ந்தார். அறைக்கு ஓடிச் சென்று, 'நான் என்னை நேசிக்கிறேன்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தம்மைக் குறித்து 'நான்' என்று தன்மையில் பேசிக்கொண்டதாகத் தம் நினைவில் இருப்பது அதுவே முதல்முறை என்று பின்னர் கூறினார். கதை இங்கே முடிந்திருந்தால் உங்கள் முதல் நண்பர் சொல்வது சரியாகியிருக்கும்: முதலில் தன்னை ஏற்றுக்கொள்ளல், பிறகு சேவை. ஆனால் அந்தப் பரவசம் ஓராண்டளவே நீடித்தது. ஒரு காதல் முறிந்ததும் பழைய தவிப்பு அப்படியே திரும்பி வந்தது. ஒரே ஒரு மாற்றம், அந்தத் தவிப்பைத் தம்மைக் காயப்படுத்திக்கொள்ளாமல் அவரால் கடக்க முடிந்தது. ஏன் முடிந்தது என்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. லயோலா பல்கலைக்கழகத்தில் 1971இல் முனைவர் பட்டம் பெற்று, தற்கொலை எண்ணம் உள்ளவர்களோடு வேலை செய்து, நடத்தைச் சிகிச்சையில் முறையாகப் பயின்ற பிறகே, தன் நிலையை உள்ளபடி ஏற்றதுதான் அந்த மாற்றம் என்ற விளக்கத்தை அவர் வந்தடைந்தார். ஆகவே ஏற்பு முழுமையான பிறகு அவர் படிக்கப் போனார் என்று சொல்வதற்கில்லை. ஏற்பு என்றால் என்ன என்று அவர் அறிந்துகொண்டதில் பாதி, படிப்பாலும் வேலையாலும் வந்தது.

நோயாளிகளோடு அவர் அமர்ந்தபோது நேர்ந்த சிக்கல்தான் எனக்கு இந்த வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி. 1977இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயன்றவர்களையே, மற்றவர்கள் தட்டிக்கழித்த ஆட்களையே தேடி எடுத்துக்கொண்டார். நடத்தைச் சிகிச்சை என்பது மாற்றத்தின் கலை. எந்தச் சூழலில் எந்தச் செயல் பிறக்கிறது, அதன்பின் என்ன கிடைப்பதால் அது நிலைக்கிறது என்று பிரித்துப் பார்த்துச் செயலை மாற்றுவது அதன் வழி. அதை அப்படியே செய்தபோது, "அப்படியானால் கோளாறு என்னிடம்தான் என்கிறீர்கள்" என்று நோயாளிகள் கொதித்தார்கள். சரி என்று மாற்றத்தை விட்டுவிட்டு ஏற்பை மட்டும் கொடுத்தபோது, "நான் இப்படியே வெந்துகொண்டிருக்க வேண்டியதுதானா?" என்று அதற்கும் கொதித்தார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. நீ இப்படி இருப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அதே சமயம் நீ மாறியாக வேண்டும் என்ற இரண்டையும் ஒரே அமர்வில், சில சமயம் ஒரே மூச்சில், ஒன்றையொன்று விழுங்காமல் வைத்திருக்கும் முறைதான் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற டி.பி.டி. ஆயிற்று.

நோயாளிகளிடம் அவர் தம் சிற்றாலய அனுபவத்தைக் கொடுக்க முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். பொன்னொளியை மருந்துச்சீட்டில் எழுதித் தர முடியாது. கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா என்ற ஜென் பௌத்த மடத்திலும், பிறகு ஜெர்மனியில் பெனடிக்ட் சபைத் துறவியும் ஜென் ஆசிரியருமான வில்லிகிஸ் யேகரிடமும் பயின்று, ஏற்பு என்பதை மதம் சாராத, யாரும் பழகக்கூடிய சின்னச் சின்னச் செயல்களாக உடைத்தார். அவற்றுள் ஒன்று கைகளைத் திறந்து வைப்பது. உட்கார்ந்த நிலையில் கைகளை மடியில் வைத்து, விரல்களைத் தளர்த்தி, உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்புவது, அவ்வளவுதான். கோபத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும் உடம்பு முதலில் இணங்கட்டும், மனம் பின்னால் வரட்டும் என்பது கணக்கு. இன்னொன்று மனத்தைத் திருப்புதல். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, ஏற்கும் பக்கமாக மறுபடி மறுபடி திரும்புவதுபோல, சில வேளைகளில் ஒரே மணி நேரத்துக்குள் பலமுறை, அதே முடிவை மீண்டும் எடுப்பது என்று அவர் அதை விளக்குகிறார்.

மாற்றத்தின் பக்கமும் இதே அளவுக்கு எளிமையானது, நடைமுறை சார்ந்தது. நோயாளி நாள்தோறும் ஓர் அட்டையில் தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு இருந்தது என்று 0 முதல் 5 வரை குறிக்கிறார். அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால், அடுத்த அமர்வில் அதைச் சங்கிலியாகப் பிரிக்கிறார்கள்: முந்தைய இரவு தூங்கினாயா, காலையில் சாப்பிட்டாயா, போன் செய்தபோது அவர் எடுக்கவில்லை என்றதும் மனத்தில் ஓடிய முதல் வாக்கியம் எது, பின் உடம்பில் என்ன நடந்தது, எந்தக் கண்ணியில் வேறொன்றைச் செய்திருக்க முடியும். அந்தக் கேள்விகளில் குற்றஞ்சாட்டும் தொனி துளியும் இருக்கக்கூடாது, விட்டுக்கொடுக்கும் தொனியும் இருக்கக்கூடாது. இப்படிக் கேட்பதற்குப் பயிற்சி வேண்டும். அதைத் துன்பம் கற்றுத்தராது. சொல்லப்போனால், தாம் பட்ட துன்பத்தின் வெளிச்சத்திலேயே பிறர் துன்பத்தையும் பார்க்கிறவர், எதிரில் இருப்பவரின் சங்கிலியில் தம்முடைய கண்ணிகளையே காணத் தொடங்கிவிடும் அபாயம் உண்டு. உங்கள் இரண்டாம் நண்பரின் பேச்சுக்கு நான் அஞ்சுவது இதனால்தான்.

1991இல் வெளியான முதல் ஒப்பீட்டு ஆய்வில், ஓராண்டு டி.பி.டி. பெற்ற பெண்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாகவே தம்மைக் காயப்படுத்திக்கொண்டனர், சிகிச்சையை விட்டு ஓடாமல் நின்றனர், மருத்துவமனையில் கழித்த நாட்களும் குறைந்தன. ஆனால் மனச்சோர்வு, நம்பிக்கையின்மை ஆகியவற்றின் அளவைகளில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை; இரண்டிலும் ஓரளவு குறைந்திருந்தது. தம் முறையைத் தாமே சோதித்த ஒருவர் இதையும் சேர்த்தே அச்சில் ஏற்றினார். மனம் முழுதாகத் தெளியும்வரை நடத்தை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை. 1967க்குப் பிந்தைய லினஹனின் வாழ்வும் இதே வடிவில்தான் இருந்தது.

டி.பி.டி.யில் சிகிச்சையாளர் தனியாள் அல்லர். வாரந்தோறும் சிகிச்சையாளர்கள் ஒரு குழுவாகக் கூடித் தங்கள் தடுமாற்றங்களைப் பேச வேண்டும் என்பது அந்தச் சிகிச்சையின் விருப்பப் பகுதி அன்று, பிரிக்க முடியாத உறுப்பு. அந்தக் குழுவின் ஒப்பந்தங்களில் ஒன்று, நாம் எல்லோரும் தவறக்கூடியவர்கள் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொள்வது. தன்னை முழுதாக ஏற்றுக்கொண்டவர்தான் உதவ முடியும் என்று லினஹன் கருதியிருந்தால், இப்படியொரு ஏற்பாட்டுக்குத் தேவையே வந்திருக்காது. நம் ஊர்க் கல்வி நிறுவனங்களில் இத்தகைய குழு அமைவது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது; அமையாவிட்டால், மேற்பார்வையாளர் ஒருவரையும் உங்களுக்கென்று ஒரு சிகிச்சையாளரையும் தேடிக்கொள்வதை நீங்கள் படிப்பின் பகுதியாகவே கருத வேண்டும்.

சொல்வதா மறைப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். லினஹனின் கைகளிலும் தழும்புகள் உண்டு. நோயாளிகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும்போதெல்லாம், நானும் துன்பப்பட்டேனா என்றுதானே கேட்கிறீர்கள் என்று பேச்சைத் திருப்பிவிடுவது அவர் வழக்கம். ஒரு நோயாளி விடவில்லை: இல்லை, நீங்கள் எங்களில் ஒருவரா என்றே கேட்கிறேன், அப்படியென்றால் எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும் என்றார். 2011 ஜூன் மாதம், தம் 68ஆம் வயதில், முன்பு அடைக்கப்பட்டிருந்த அதே ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனையின் அரங்கில் நின்று லினஹன் எல்லாவற்றையும் சொன்னார். கோழையாகச் சாக விரும்பவில்லை என்பது அவர் அப்போது சொன்ன காரணம். அந்தச் சொல்லை அவர் தம்மீது சுமத்திக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நீண்ட மௌனத்தால், அவருடைய சிகிச்சை 'பிழைத்து வந்த ஒரு பெண்ணின் சாட்சியம்' என்ற பரிதாபக் கணக்கில் சேராமல் ஆய்வுகளின் வலுவில் மட்டும் நின்றது. பேசியதால் ஆயிரக்கணக்கானோருக்குத் தெம்பு வந்தது. இரண்டும் தத்தம் காலத்தில் சரியாகவே இருந்தன.

சிகிச்சையாளர் தம்மைப் பற்றிச் சொல்வதை டி.பி.டி. தடை செய்வதில்லை, எதிரில் இருப்பவருக்கு அது பயன்படுமா என்பது மட்டுமே அளவுகோல். உங்கள் மனம் லேசாக வேண்டும் என்பதற்காகச் சொன்னால், அந்த அமர்வில் உங்களைத் தேற்றும் வேலையும் நோயாளியின் தலையில் விழும். ஆகவே பயிற்சிக்காலத்தில் நோயாளிகளிடம் சொல்லாதீர்கள், மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். யாராவது தழும்பைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை அவருடன் முன்பே பேசி, வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முழுக்கை போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். அம்மாவின் சொல்லில் ஊர்வாய்க்கான பயம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அறையில் பேச்சின் மையம் நோயாளியாகவே இருக்கட்டும் என்பதற்காக நீங்களே ஒருநாள் முழுக்கை அணிந்தால் அது அந்தப் பயத்துக்குப் பணிந்ததாகாது.

படிப்பைத் தள்ளிப்போடுவது பற்றி நண்பரோ நானோ தீர்மானிக்கக்கூடாது. முன்பு உங்களுக்குச் சிகிச்சை அளித்தவரிடம் ஒருமுறை போய், இந்தப் படிப்பு எப்படிப்பட்டது, என்ன மாதிரியான கதைகளை நாள் முழுதும் கேட்க வேண்டியிருக்கும் என்று விளக்கி, அவர் கருத்தைக் கேளுங்கள். பழைய உந்துதல் திரும்புவதாகத் தோன்றினால் அந்தச் சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையில், 14416 என்ற எண்ணில், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்.