லினக்ஸ் கணினியில் ஷேர் டிரைவைத் தினமும் கையால் இணைக்க வேண்டியிருக்கிறது. தானாக இணைக்கும் சின்ன இலவச மென்பொருள் உண்டா?

உண்டு. பெயர் ஜிகோலோ. சிரிக்காதீர்கள், பெயர் வைத்தது நான் இல்லை.

உங்கள் ஆபீசில் ஐடி ஆள் என்று தனியாக யாரும் கிடையாது, நீங்களேதான் எல்லாம் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கதையும் அதுதான். கடலூர் திருப்பாப்புலியூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. மாடியில் டிசைன் போடும் விண்டோஸ் கணினி, கீழே கவுன்டரில் பிரின்டர் மாட்டிய ஒரு கிழட்டுக் கணினி. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றபோது, புதுசு வாங்கக் காசில்லாமல் கீழே சுபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்டுவிட்டேன்.

மாடிக் கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகக் கீழே திறக்கத்தான் அந்த ஷேர். கரன்ட் போய் வந்தால் அது அறுந்துவிடும். திரும்ப இணைக்க எனக்கு மட்டும்தான் தெரியும். நான் இல்லாவிட்டால் கடைப் பையன் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு படியேறுவான். திருவந்திபுரத்தில் கல்யாணம் வைப்பவர்கள் முகூர்த்த மாதத்தில் எப்படி மொய்ப்பார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு நாளில் பென் டிரைவில் இரண்டு ஃபைல்: ஒன்று 'பைனல்', இன்னொன்று 'பைனல் புதுசு'. பையன் முதலாவதை அடித்துவிட்டான். 300 பத்திரிகையிலும் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'திருவளர்ச்செல்வி'. பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. அந்த 'வி' மேல் கட்டைவிரலை வைத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார், அவ்வளவுதான். அட்டைக் காசு முழுக்க என் தலையில்.

அன்று ராத்திரியே தேடிப் போட்டதுதான் இந்த ஜிகோலோ. புது புக்மார்க் எடுத்து, வகையில் விண்டோஸ் ஷேர் என்று தேர்ந்தெடுத்து, மாடிக் கணினியின் ஐபி முகவரி, ஷேர் பெயர், பயனர் பெயர் கொடுத்து, தானாக இணை என்பதை டிக் செய்தால் போதும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இணைப்பு அறுந்தால் அவ்வப்போது தானே முயன்று பார்க்கும். ரவுட்டரில் அந்த மாடிக் கணினிக்கு ஐபியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் முகவரி மாறிப்போய், இதன்மேல் பழி போடுவீர்கள். விண்டோஸ் பக்கம் அந்தப் பயனருக்குப் பாஸ்வேர்டும் இருக்க வேண்டும்; பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. இது தெரியாமல் எனக்கு அரை நாள் போனது.

'எஃப்எஸ்டேபில் (கணினி எழும்போது எந்தெந்த டிரைவை இணைக்க வேண்டும் என்று லினக்ஸ் பார்க்கும் ஃபைல்) ஒரு வரி எழுதினால் முடிந்தது, இதற்கொரு மென்பொருளா' என்று கேட்க வருகிறவர்களுக்கு: எழுதிப் பார்த்தவன்தான் சொல்கிறேன். மாடிக் கணினி அணைந்திருந்த நாட்களில் கீழே இருப்பது எழுந்திருக்கவே யோசித்தது. அதற்கும் வழி இருக்கிறது, தெரியும். ஆனால் நான் ஊரில் இல்லாதபோது அந்த வரியைத் திருத்தப்போவது பத்தாவது படித்த பையன். அவனுக்குச் சுட்டியால் அழுத்த ஒரு பட்டன் வேண்டும்.

குறையும் உண்டு. இணைத்த ஷேர் ரன் ஃபோல்டருக்குள் ஜிவிஎஃப்எஸ் என்ற இடத்தில் போய் உட்காரும். சில பழைய மென்பொருள்களின் ஃபைல் திறக்கும் பெட்டியில் அது கண்ணுக்கே படாது. பிடிஎஃப் பார்க்க எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு என்ன? இப்போது 50 பத்திரிகை அடித்து, அதில் ஒன்றைப் போட்டோ எடுத்து ஊருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். மேட்டரைக்கூட எழுதித் தருவதில்லை, வாய்ஸில் வருகிறது, பின்னால் மிக்சி சத்தத்தோடு. டிசைனுக்குத் தனியாகக் காசு கேட்டால், "கம்ப்யூட்டர்தானேண்ணே போடுது" என்கிறார்கள்.

சரி, அதை விடுங்கள். ஜிகோலோவை நிறுவும்போது ஜிவிஎஃப்எஸ் பேக்கெண்ட்ஸ் என்ற தொகுப்பும் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் வகைப் பட்டியலில் விண்டோஸ் ஷேர் வரவே வராது.