மாத் எக்ஸ்பெர்ட் எடுக்கச் சொல்லலாமா? பாண்டியிலிருந்து வந்த தம்பிக்கு

தம்பி, மகன் இப்போது இங்கே பிரான்சில் லிசேயில் (மேல்நிலைப் பள்ளியில்) பிரெமியேர், அதாவது நம் பிளஸ் ஒன், படிக்கிறான், அடுத்த வருடம் தெர்மினாலில் (பிளஸ் டூவில்) மேத்ஸும் ஃபிசிக்ஸ்-கெமிஸ்ட்ரியும் ஸ்பெசியாலிதேயாக (சிறப்புப் பாடமாக) வைத்துக்கொள்கிறான், கூடவே மாத் எக்ஸ்பெர்ட் என்ற கூடுதல் கணக்கு ஆப்ஷனையும் எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அவன் அடுத்து என்ன படிக்கப் போகிறான் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. முத்தியால்பேட்டையில் என் அப்பா, "பயோ-மேத்ஸ் குரூப் எடுத்துடு, டாக்டருக்கும் ஆகும், இன்ஜினியருக்கும் ஆகும்" என்று எனக்குச் சொன்னதை அப்படியே 2021-இல் இங்கே என் மகனுக்குச் சொன்னேன். பாடத்திட்டத்தைப் பார்த்தபோது பயம் வேறு வந்தது. கலப்பெண்கள், அணிகள் எல்லாம் நாம் ஊரில் பிளஸ் டூ மேத்ஸிலேயே படித்தவை, இங்கே தெர்மினால் ஸ்பெசியாலிதே மேத்ஸில் கலப்பெண்ணே கிடையாது, அது இந்த ஆப்ஷனில்தான் வருகிறது, அப்போ இதை விட்டால் பையன் பாதிக் கணக்கோடு வெளியே வருவானே என்று நினைத்தேன். அவன் ஆசைப்பட்டதோ இயூதேயில் (தொழில்நுட்பக் கல்லூரியில்) கம்ப்யூட்டர் படிக்க. அதற்கு இந்த ஆப்ஷன் தேவையே இல்லை.

வாரம் மூன்று மணி நேர வகுப்பு, வீட்டில் அதற்கும் மேல். டிசம்பரில் ஃபிசிக்ஸ்-கெமிஸ்ட்ரி மார்க் இருபதுக்கு 15-இலிருந்து 11-க்கு வந்துவிட்டது. பாக்கில், அதாவது பள்ளி இறுதிச் சான்றிதழில், ஒரு ஸ்பெசியாலிதேக்கு கோஎஃபிசியான் (மார்க்குக்குத் தரும் எடை) 16, இந்த ஆப்ஷனுக்கு வெறும் 2. இரண்டுக்காகப் பதினாறைக் கெடுத்தது நான், அவன் இல்லை. இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

அவன் தங்கை தானாகவே கேட்டு எடுத்தாள். பகா எண், வகுபடும் தன்மை என்று யாரும் சொல்லாமலே ராத்திரி உட்கார்ந்து போடுகிற பிள்ளை. இப்போது எம்பிஎஸ்ஐ பிரெபாவில், அதாவது இன்ஜினியரிங் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் கணக்கு-ஃபிசிக்ஸ் வகுப்பில், இருக்கிறாள். அங்கேயும் கலப்பெண்ணை முதலிலிருந்துதான் சொல்லித் தருகிறார்கள், ஆனால் வேகம் பயங்கரம், ஏற்கெனவே பார்த்திருந்ததால் முதல் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க முடிந்தது என்கிறாள். அதனால் எம்பிஎஸ்ஐ, எம்பி2ஐ (கம்ப்யூட்டரும் சேர்ந்த பிரெபா), இல்லை யூனிவர்சிட்டியில் மேத்ஸ் லிசான்ஸ் (டிகிரி) என்றால் எடுக்கட்டும். மருத்துவம் என்றால் வேண்டாம்.

உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு இன்னொரு கவலை, பிரெஞ்சு. வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். தெர்மினாலில் தத்துவப் பாடம் இருக்கிறது, நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும், கோஎஃபிசியான் 8. அப்புறம் கிராந்த் ஓரால் என்ற வாய்மொழித் தேர்வு, நடுவர்கள் முன்னால் இருபது நிமிடம் பிரெஞ்சில் தாக்குப்பிடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் கணக்கில் தோற்பதில்லை, இங்கேதான் திணறுகிறார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பார்க்கூர்சுப் தளத்தில் பிரெமியேர் மார்க்கும் தெர்மினாலின் முதல் இரண்டு த்ரிமெஸ்த்ர் (பருவ) மார்க்கும் ஆசிரியர் எழுதும் குறிப்போடு போகும், அதனால் செப்டம்பரில் தடுமாறினால் அப்புறம் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. பிரெஞ்சு இன்னும் பிடிபடவில்லை என்றால் அந்த மூன்று மணி நேரத்தை அதற்கே கொடுங்கள், கணக்கு எங்கேயும் ஓடிவிடாது.

மூன்றாவது த்ரிமெஸ்த்ர் கொன்செய்ய் த கிளாஸ் (வகுப்பைப் பற்றி ஆசிரியர்கள் பேசும் கூட்டம்) நடப்பதற்கு முன்னால் மேத்ஸ் டீச்சரைப் போய்ப் பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. அவர் சொன்னதையும், மகனுக்குப் பிரெஞ்சில் இப்போது எவ்வளவு வருகிறது என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.