ஆறு வருடம் நின்ற டிராக்டர்: செல்ஃப் அடிப்பதற்கு முன்னால்

கேள்வி: அப்பா ஓட்டிய மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர் ஆறு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. நிறுத்தும்போது நல்ல ஓட்டத்தில்தான் இருந்தது. பார்க்க வந்த மெக்கானிக், இன்ஜினைப் பிரித்து முழு வேலை பார்க்க வேண்டும் என்கிறார். தம்பியோ, புது பேட்டரி வைத்து ஒரு செல்ஃப் அடித்துப் பார்ப்போம் என்கிறான். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நிறுத்தும்போது வண்டி நல்ல ஓட்டத்தில் இருந்தது என்பதுதான். சூடேறி நின்றுபோன வண்டி, ஆயில் பிரஷர் இறங்கி நின்ற வண்டி என்றால் மெக்கானிக் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். நல்லபடியாக நிறுத்திய இன்ஜின் நின்ற இடத்திலேயே தேய்ந்துவிடாது. அதற்கு வருவதெல்லாம் துரு, தண்ணீர், கெட்டுப்போன டீசல், காய்ந்த ரப்பர், அப்புறம் எலி. இவற்றில் பெரும்பாலானதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றைப் பார்க்காமல் செல்ஃப் அடித்தால், பிரிக்கும் வேலை அன்றைக்கே வந்து சேரலாம்.

சைலன்சர் வாய் மூடாமல் இருந்து மழைச்சாரல் பட்டிருந்தால், வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் வேகத்தில் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரே இல்லாவிட்டாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். வலுவில் இழுத்தால் ரிங் உடையும்.

அதனால் முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். பேட்டரி வயர் கழன்றிருக்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், டீசலை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் லீவரை இழுத்து வையுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசில்களையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள நட்டில் பெரிய ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் மெல்லத் திருப்புங்கள். நாசில் துளை வழியாகத் தண்ணீர் வந்தால் வரட்டும், நல்லதுதான். அசையவே இல்லை என்றால் அந்தத் துளைகள் வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். தினமும் ஒருமுறை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்க்கலாம். ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஏறி மிதிப்பது, இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது இரண்டும் கூடாது.

நாசிலைத் திரும்ப மாட்டும்போது அடியில் இருக்கும் செப்பு வாஷரைக் கவனியுங்கள். பழையது கரி பிடித்து ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது வாஷரைப் போட்டுவிட்டால் நாசில் உயரம் மாறும், கம்ப்ரஷனும் கசியும். டார்ச் அடித்துப் பார்த்துக் கிளறி எடுங்கள். நாசில்கள் வெளியே இருக்கும்போதே டீசல் பம்ப் பட்டறையில் கொடுத்து டெஸ்ட் செய்வது நல்லது. வீட்டில் சோதிக்கிறேன் என்று பீய்ச்சலில் கை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

அடுத்தது சம்ப் ஆயில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில் இருக்கும் ஆயில். டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்திருந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். கூடியிருந்தால்தான் நான் கவலைப்படுவேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்தால் டீசல் சம்புக்குள் இறங்கும். ஆயில் நீர்த்து டீசல் வாசனை வரும். டிரெய்ன் நட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். கொஞ்சம் வந்தால் வியர்த்த ஈரமாக இருக்கலாம். ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, ரேடியேட்டரை நிரப்பி, டிரெய்ன் நட்டைத் திறந்தபடியே கீழே தட்டு வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தட்டில் தண்ணீர் சொட்டியிருந்தால் லைனர் சீலோ, ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி, பிரித்துத்தான் ஆக வேண்டும். தட்டு காய்ந்திருந்தால் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு மேலே போகலாம்.

டீசல் டேங்கில் இருப்பதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அடியில் தண்ணீரும், தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் கொழகொழவென்ற கசடும் இருக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, இரண்டு ஃபில்டரையும் மாற்றி, காய்ந்த டீசல் ஓஸ்களை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் புது டீசல். பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வரும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்க் பக்கமிருந்து தொடங்குங்கள். ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைலீவரை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழ் இல்லாத டீசல் வரும். அப்போது முறுக்கிவிட்டு இரண்டாவது ஃபில்டர், பிறகு டீசல் பம்பின் ஏர் ஸ்குரு. லீவர் தொளதொளவென்று சும்மா ஆடினால் பம்பைத் தள்ளும் கேம் மேலே நிற்கிறது என்று அர்த்தம், இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியுங்கள். டீசல் வராத வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் அவசரப்பட்டவைதான் என்பது என் எண்ணம்.

டீசல் பம்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நின்ற பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பி இறுகிப்போயிருக்கலாம். நிறைய டீசல் விடும் நிலையில் இறுகியிருந்தால், ஸ்டார்ட் ஆன இன்ஜின் ஆக்ஸிலேட்டருக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் அமைந்தது) என்றால் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஸ்டாப் லீவரை இழுத்துவிட்டால் ரேக் வழுக்கிப் போய் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். இறுகியிருந்தால் தட்டிச் சரிசெய்யாமல் பட்டறைக்குக் கொடுங்கள். எப்படியும் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் ஓஸைக் கழற்றி, காற்று போகும் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு தட்டையான மரப்பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையோ சாக்கோ வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். கழற்றிய ஏர் கிளீனரைச் சுத்தம் செய்யுங்கள். எலிக்கூடு இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

பேட்டரி விஷயம் சுலபம். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எர்த் வயர் பாடியைத் தொடுமிடத்தைத் துரு போகத் தேய்த்துவிடுங்கள். செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வண்டி கியரில் இருந்தால் கீழே நிற்பவர் மேலேயே ஏறிவிடும். இந்த வித்தையை யார் காட்டினாலும் தடுத்துவிடுங்கள்.

இனிமேல் செல்ஃப். முதலில் ஸ்டாப் லீவரை இழுத்து வைத்தபடியே பத்துப் பத்து வினாடியாக, நடுவில் ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை சுற்றவிடுங்கள். காய்ந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். அப்புறம் ஸ்டாப் லீவரை விட்டுவிட்டு, நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்திச் சுற்றவிட்டு, டீசல் துளிர்த்ததும் முறுக்கினால் வண்டி பிடித்துக்கொள்ளும். ஐட்லிங்கிலேயே விடுங்கள். ஆயில் பிரஷர் சில வினாடிகளில் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

தொடக்கத்தில் வெள்ளைப்புகை வரும், பயப்பட வேண்டாம். சூடானதும் குறைய வேண்டும். கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலப்புகை ஆயில் எரிவது. ஒட்டியிருந்த ரிங்குகள் ஓடஓட விடுபடுவதுண்டு என்பதால், சில மணி நேரம் லேசான வேலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். அதற்குப் பிறகும் நீலப்புகை போகவில்லை, இன்ஜினின் உள்காற்று வெளியேறும் பிரீதரில் புகை அடிக்கிறது, சூடான இன்ஜினே ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது என்றால் மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம் இருந்தால் முழு வேலைக்குச் சம்மதிக்கலாம்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பிடிக்கிறதா, டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டு கியர் விழாமல் இருப்பது இந்த மாதிரி வண்டிகளில் சகஜம். கிளட்ச் பெடலை முழுதாக அமுக்கி, ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, நியூட்ரலில் இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். சில நாள் இப்படிச் செய்தால் சூட்டிலும் அதிர்விலும் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். விடாவிட்டால் வண்டியை நடுவில் பிரித்துத்தான் பிளேட்டை எடுக்க வேண்டும். அது பட்டறை வேலை.